பதினாறில் ஒரு பங்கு ரயில் இஞ்சின்

மாதிரி நீராவி ரயில் இஞ்சின்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று அழகு காட்டுவது. மற்றொன்று, உண்மையிலேயே நிலக்கரியை எரித்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியின் அழுத்தத்தில் பிஸ்டன் தள்ள, தனக்குப் பின்னால் இரண்டு மூன்று ஆட்களை உட்காரவைத்து இழுத்துக்கொண்டு போவது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இந்த இரண்டாவது வகைக்கு 'லைவ் ஸ்டீம்' என்று பெயர். பெரிய இஞ்சினில் உள்ள முக்கிய உறுப்புகள் எல்லாம் இதிலும் உண்டு. பெரும்பாலும் ஒரே ஆள், வீட்டுக் கொல்லையில் உள்ள கொட்டகையில், ஒரு சிறு லேத், துளைபோடும் இயந்திரம், சில அரங்கள், ஒரு ஊதுவிளக்கு ஆகியவற்றை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் உழைத்து இதை முடிக்கிறார்.

முழு அளவு நீராவி இஞ்சினைப் புதிதாகச் செய்வது இன்று உலகில் எங்குமே அபூர்வம். நீலகிரி மலை ரயிலுக்காகத் திருச்சி பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டில் செய்தவை அந்த அபூர்வங்களில் சேரும். சிறு அளவில் மட்டும் இந்த வேலை நிற்கவே இல்லை. இதன் தாய்வீடு இங்கிலாந்து. 1898இல் பெர்சிவல் மார்ஷல் தொடங்கிய 'மாடல் இன்ஜினியர்' இதழ் பொழுதுபோக்காக இருந்ததை ஒரு முறையான கைத்தொழிலாகவே ஆக்கியது. அதில் 1924 முதல் பல பத்தாண்டுகள் எழுதியவர் 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயர் கொண்ட கர்லி லாரன்ஸ். தாம் முன்பு வேலை பார்த்த லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் முதலெழுத்துகளையே அவர் புனைபெயராக வைத்துக்கொண்டார்.

அவர் பெயர் வெளியே வந்ததே ஒரு சண்டையில்தான். 1920களின் தொடக்கத்தில் தண்டவாள அகலம் இரண்டரை அங்குலமே உள்ள இஞ்சினில் நிலக்கரி எரியாது, ஸ்பிரிட் விளக்குதான் சரிப்படும் என்பது பெரிய மாதிரிக் கம்பெனிகளும் வடிவமைப்பாளர்களும் சொன்ன கருத்து. அவ்வளவு சிறிய நெருப்பறையில் கரி அணைந்துவிடும் என்பது அவர்கள் வாதம். லாரன்ஸ் 'ஆயிஷா' என்ற தம் சிறு இஞ்சினில் நிலக்கரியைப் போட்டு எரித்து, வளர்ந்த ஆளை இழுத்துக் காட்டினார். 'பாய்லர் போர்' என்று பின்னாளில் பெயர் பெற்ற இந்தத் தகராறில் நிலக்கரிதான் வென்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அவர் புதிதாகக் கற்பவர்களுக்காக வரைந்த 'டிச்' என்ற நான்கு சக்கர இஞ்சின் இன்றைக்கும் பல நாடுகளில் பலருக்கு முதல் இஞ்சினாக இருக்கிறது.

தண்டவாள அகலத்தைத் தீர்மானிப்பதுதான் முதல் வேலை. மூன்றரை அங்குலம் (89 மி.மீ.), ஐந்து அங்குலம் (127 மி.மீ.), ஏழே கால் அங்குலம் (184 மி.மீ.) என்று வழக்கமான அகலங்கள் உண்டு. பிரிட்டனின் முழு அளவுத் தண்டவாளம் 56.5 அங்குலம். அதை மூன்றரையால் வகுத்தால் பதினாறுக்குச் சற்று மேலே வரும். ஆகவே மூன்றரை அங்குல இஞ்சின் அசலின் பதினாறில் ஒரு பங்கு. இங்கேதான் கணக்கு வேடிக்கை காட்டுகிறது. நீளம் பதினாறில் ஒரு பங்கானால் பரப்பு 256இல் ஒரு பங்காகும்; கன அளவும் எடையும் 4,096இல் ஒரு பங்காகும். 80 டன் இஞ்சினின் சிறு உரு சுமார் 20 கிலோதான். ஒரு ஆள் தூக்கிவிடலாம். ஐந்து அங்குலத்தில் அதே இஞ்சின் 55 கிலோ ஆகிவிடும். இரண்டு பேர் வேண்டும், காரில் ஏற்ற ஒரு சாய்பலகையும் வேண்டும். அகலத்தைத் தேர்ந்தெடுப்பதில் கலையைவிட முதுகு வலிக்குத்தான் பங்கு அதிகம்.

தகட்டையும் இரும்பையும் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கலாம். நெருப்பு, தண்ணீர், நீராவி, நிலக்கரிப் புகை இவை சுருங்க மாட்டா. பெரிய பாய்லரின் புகைக்குழாய்களை அப்படியே சுருக்கினால் மூன்று மி.மீ. துவாரமாகிவிடும், அதில் புகை போகாது, கரி அடைத்துக்கொள்ளும். அதனால் மாதிரியில் குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் பத்து மி.மீ. அளவுக்குப் பெரிதாக்குகிறார்கள். குழாயின் நீளத்தை உள்விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அங்குலக் கணக்கில் 50 முதல் 70க்குள் வர வேண்டும் என்பது அனுபவத்தில் கண்ட விதி. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயின் கதை இன்னும் சுவையானது. அதை அசல் விகிதத்தில் ஒரு மி.மீ. துவாரமாகச் செய்தால், நுண்துளைக் கவர்ச்சியால் தண்ணீர் தானாகவே கிட்டத்தட்ட மூன்று செ.மீ. மேலே ஏறி நிற்கும். அந்தக் கண்ணாடியின் உயரமே அவ்வளவு இருக்காது. பாய்லர் காலியாகிக்கொண்டிருக்க, கண்ணாடி நிறைந்திருப்பதாகப் பொய் சொல்லும். நல்ல மாதிரி செய்பவரை அடையாளம் காட்டுவது எங்கே அளவை மீற வேண்டும், மீறியது கண்ணுக்குத் தெரியாமல் எப்படி மறைக்க வேண்டும் என்ற தெளிவுதான்.

வேலை சட்டத்தில் தொடங்குகிறது. இஞ்சினின் முதுகெலும்பு இரண்டு நீண்ட எஃகுத் தகடுகள். அசலை அப்படியே சுருக்கினால் ஒன்றரை மி.மீ. கனம் போதும், ஆனால் வளையாமல் நிற்க மூன்று மி.மீ. தகடு எடுக்கிறார்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ரிவெட் அடித்துச் சேர்த்து, ஒரே தகடு போலவே துளையிட்டு, ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவிய பிறகுதான் பிரிக்கிறார்கள். இடதும் வலதும் ஒரு மயிரிழைகூட வித்தியாசப்படக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பின்பு முன்னும் பின்னும் குறுக்குச் சட்டம் போட்டு, மூலைக்கு மூலை அளந்து பார்க்கிறார்கள். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இல்லாவிட்டால் இஞ்சின் ஆயுள் முழுக்கக் கோணலாகவே ஓடும். சக்கர அச்சைத் தாங்கும் பெட்டிகள் சட்டத்தின் வெட்டுகளில் மேலும் கீழும் சறுக்கும். அவற்றின்மேல் சுருள்வில் அமரும். தண்டவாளத்தின் மேடுபள்ளத்துக்கேற்ப ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டியிருப்பதால், இந்தப் பெட்டிகளின் ஓரங்களைக் கொஞ்சம் தளர்வாகவே விடுவார்கள்.

சக்கரங்கள் வார்ப்பிரும்பு. ஆரக்காலோடு வார்த்த சக்கரங்களைக் கடையில் வாங்கி லேத்தில் கடைகிறார்கள். வார்ப்பின் மேல்தோல் மணலோடு சேர்ந்து கல்லாக இறுகியிருக்கும். முதல் வெட்டே அந்தத் தோலுக்கு அடியில் புகுந்துவிட வேண்டும்; மேலாகச் சுரண்டினால் உளி மழுங்குமே தவிரத் தோல் போகாது. எல்லாச் சக்கரங்களையும் ஏறக்குறையக் கடைந்து வைத்துவிட்டு, கடைசி வெட்டை மட்டும் உளியின் அமைப்பை மாற்றாமல் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றுக்கும் கொடுப்பது வழக்கம். விட்டம் சரியாக எவ்வளவு என்பது பெரிய விஷயமில்லை. எல்லாம் ஒன்றுபோல் இருப்பதுதான் விஷயம்.

அடுத்து வருவது அச்சில் சக்கரத்தைக் கோணம் பார்த்துப் பொருத்துவது. புதியவர்கள் அதிகம் பயப்படும் கட்டம் இது. இடப்பக்கக் கிராங்குக்கும் வலப்பக்கக் கிராங்குக்கும் 90 பாகை இடைவெளி வேண்டும். ஒரு பிஸ்டன் ஓட்டத்தின் முனையில் போய்ச் செயலற்று நிற்கும்போது மற்றது நடு ஓட்டத்தில் முழுப் பலத்தோடு இருக்கும். இல்லாவிட்டால் இஞ்சின் சில இடங்களில் நின்றால் பிறகு நகரவே நகராது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோணம் 89 பாகையாகவோ 91 பாகையாகவோ இருந்தாலும் பெரிய கெடுதல் இல்லை. எல்லா அச்சுகளிலும் அதே 89 அல்லது அதே 91 ஆக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓர் அச்சு மட்டும் ஒரு பாகை மாறினால், சக்கரங்களை இணைக்கும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் பிடித்து இழுக்கும். அதனால் கோணத்தை அளப்பதைவிட, எல்லா அச்சுக்கும் பொதுவான ஒரு தாங்கி செய்து, அதில் வைத்தே பொருத்துகிறார்கள். முன்பெல்லாம் சக்கரத்தை அழுத்தித்தான் ஏற்றினார்கள். இப்போது உலோகப் பசை வந்துவிட்டது. இறுகுவதற்குள் சில நிமிடம் திருத்திக்கொள்ளும் அவகாசம் கிடைக்கிறது.

சிலிண்டருக்கு வார்ப்பிரும்போ, கன்மெட்டல் எனப்படும் வெண்கலமோ பயன்படும். நீராவி குளிர்ந்து தண்ணீராகி, வேலை முடிந்ததும் உள்ளே தேங்கும். வாரம் ஒருமுறை மட்டும் ஓடும் சிறு இஞ்சினில் வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும் என்பதால் பலர் வெண்கலத்தை விரும்புகிறார்கள். பிஸ்டன் தண்டு துருப்பிடிக்காத எஃகு. சிலிண்டரின் மேல்முகத்தில் மூன்று செவ்வக வாசல்கள்: இரண்டு நீராவி போக, நடுவே ஒன்று பழைய நீராவி வெளியேற. அவற்றின்மீது ஒரு சிறு சறுக்கு வால்வு முன்னும் பின்னும் நகர்ந்து வாசல்களைத் திறந்து மூடுகிறது. வாசலை மூடும் அளவுக்கு மட்டும் வால்வை வெட்டினால், பிஸ்டனின் ஓட்டம் முடியும்வரை நீராவி கொட்டிக்கொண்டே இருக்கும். வால்வின் விளிம்பைச் சற்று நீட்டி வைத்தால் நீராவி பாதியிலேயே நிற்கும். உள்ளே மாட்டிய நீராவி விரிந்து மீதி வேலையைச் செய்யும். தண்ணீரும் கரியும் மிச்சமாவது இந்த ஒரு மி.மீ. சொச்ச விளிம்பால்தான்.

வால்வை ஆட்டும் கம்பிக் கூட்டம்தான் நீராவி இஞ்சினின் பக்கவாட்டில் கண்ணைப் பறிக்கும் அம்சம். பெல்ஜியத்தைச் சேர்ந்த எகிட் வால்ஷார்ட்ஸ் 1844இல் கண்டுபிடித்த அமைப்பே மிகப் பரவலானது. சக்கரத்தின் கிராங்கில் பொருத்திய ஒரு சிறு கை, வளைந்த பள்ளம் கொண்ட ஒரு இணைப்பை ஊஞ்சல்போல ஆட்டும். அந்தப் பள்ளத்தில் ஒரு கட்டை மேலும் கீழும் ஏறி இறங்கும். கட்டை மேலே இருந்தால் ஒரு திசை, கீழே இருந்தால் எதிர்த்திசை, நடுவில் இருந்தால் இரண்டுமில்லை. இதோடு பிஸ்டனின் ஓட்டத்திலிருந்து ஒரு சிறு அசைவை எடுத்துச் சேர்க்க இன்னொரு நெம்புகோல். முழு அளவு இஞ்சினில் அரை மி.மீ. தளர்வு தெரியவே தெரியாது. மாதிரியில் ஒவ்வொரு மூட்டிலும் பத்தில் ஒரு மி.மீ. தளர்ந்தால், வால்வின் அசைவில் கணிசமான பகுதி காணாமற் போய்விடும். ஆகவே ஒவ்வொரு ஆணியையும் கடினப்படுத்தி, துளையைத் துல்லியமாகச் சீவிப் பொருத்துகிறார்கள். வால்வை நேர்செய்வது பொறுமைக்குச் சோதனை. சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி, பிஸ்டன் முனையைத் தொடும் கணத்தில் வாசல் மயிரிழை அளவு திறக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். முன்பக்கம் சரியானால் பின்பக்கம் போய்விடும், பிறகு வித்தியாசத்தைப் பாதியாகப் பங்கிட வேண்டும்.

இதுவரை வந்ததைப் பாய்லர் இல்லாமலே ஓட்டிப் பார்க்கலாம். காற்று அழுத்தக் குழாயை இணைத்துக் குறைந்த அழுத்தத்தில் திறந்தால் சக்கரங்கள் சுழலும். ஒரு சுற்றுக்கு நான்கு சத்தம் சம இடைவெளியில் வர வேண்டும். ஒன்று நொண்டினால் எந்த வால்வு என்பதைக் காதே சொல்லிவிடும்.

பாய்லர்தான் இந்தத் தொழிலின் உச்சம். பலர் பாதியில் விட்டுவிடுவதும் இங்கேதான். சிறு பாய்லருக்குப் பொருள் செம்பு. சிலிண்டர் வடிவ உடல், அதன் பின்முனையில் நெருப்பறை, நெருப்பறையைச் சுற்றித் தண்ணீர், நெருப்பறையிலிருந்து முன்முனைவரை போகும் புகைக்குழாய்கள். தட்டைத் தகடுகளின் ஓரங்களை மடக்கித்தான் ஒன்றோடொன்று சேர்க்க முடியும். இதற்குச் செம்புத் தகட்டை மங்கிய செந்நிறம் வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போடுகிறார்கள். இரும்புக்கு நேர்மாறாக, இப்படிச் செய்தால் செம்பு ஈயம்போல இளகிவிடும். பின்பு எஃகுக் கட்டையின்மேல் வைத்து, தோல் அல்லது மரச் சுத்தியால் ஓரத்தைத் தட்டி மடக்குகிறார்கள். சில அடிகளிலேயே செம்பு மறுபடியும் இறுகும். தட்டும் சத்தம் மந்தமாக இருந்தது கணீரென்று மாறும். அப்போது நிறுத்தி, மீண்டும் காய்ச்ச வேண்டும். பேராசைப்பட்டு இன்னும் பத்து அடி அடித்தால் மடிப்பில் விரிசல் விழும். ஒரு தகட்டை முழுக்க மடக்கப் பலமுறை காய்ச்ச நேரும். ஒவ்வொரு முறையும் படியும் கறுப்புப் படலத்தை நீர்த்த அமிலத்தில் ஊறப்போட்டு எடுப்பார்கள்.

இணைப்புக்கு வெள்ளிப் பற்றாசு. நகை ஆசாரி வெண்காரம் தடவிப் பொடி வைத்து ஊதும் முறைதான் அடிப்படை. அளவு மட்டும்தான் வேறு. வெள்ளி பாதிக்கு மேல் கலந்த பற்றாசு 630 முதல் 660 பாகை செல்சியஸில் உருகும். செம்பு 1,085இல்தான் உருகும். இந்த இடைவெளிக்குள் வேலை முடிய வேண்டும். சிக்கல் என்னவென்றால், செம்பு சூட்டை வாங்கியவுடன் எங்கும் பரப்பிவிடும். நெருப்பை ஓரிடத்தில் காட்டினால் மறுமுனை அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே பாய்லரைச் சூளைக்கல்லால் சுற்றி அடைத்து, பெரிய புரொப்பேன் ஊதுவிளக்கு ஒன்றால், சில சமயம் இரண்டால், முழு உடலையும் சூடாக்குகிறார்கள். இணையும் பகுதிகளுக்கு நடுவே பத்தில் ஒரு மி.மீ.க்கும் குறைவான சந்து இருந்தால், உருகிய பற்றாசு தானே அதற்குள் ஓடி மறுபக்கம் வெள்ளிக்கோடாக எட்டிப் பார்க்கும். அந்தக் கோடு தெரிந்தால் இணைப்பு தேறிவிட்டது என்று பொருள். முன்பு போட்ட இணைப்பு அடுத்த இணைப்பைப் போடும்போது உருகிவிடாதபடி, அதிக வெப்பத்தில் உருகும் பற்றாசை முதலிலும் குறைந்ததைக் கடைசியிலும் பயன்படுத்துவோர் உண்டு. காட்மியம் கலந்த பழைய பற்றாசு இதைவிட எளிதாக ஓடும். ஆனால் அதன் புகை நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடைசெய்துவிட்டது.

வட்டமான உடல் அழுத்தத்தைத் தானே தாங்கும். தட்டையான நெருப்பறைச் சுவர் தாங்காது, உப்பிக்கொள்ளப் பார்க்கும். வழக்கமான அழுத்தம் சதுர செ.மீ.க்கு 5.6 கிலோ. பத்துக்குப் பத்து செ.மீ. சுவர்மீது மட்டும் 560 கிலோ தள்ளுகிறது என்று கணக்கிட்டால் நிலைமை புரியும். இதற்காக நெருப்பறைச் சுவரையும் வெளிச்சுவரையும் 'ஸ்டே' எனப்படும் உலோகக் கம்பிகளால் வரிசை வரிசையாகக் கட்டிப் போடுகிறார்கள். ஒவ்வொரு கம்பியின் இரு முனையும் கசியாமல் அடைபட வேண்டும்; கசிவு வந்தால் கை எட்டாத இடத்தில் வரும் என்பது இந்தத் தொழிலின் சாபக்கேடு.

முடிந்த பாய்லருக்கு முதலில் நெருப்பில்லை, தண்ணீர்தான். காற்று துளிகூட இல்லாமல் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு ஏற்றிப் பிடித்துவைக்கிறார்கள். தண்ணீர் அமுங்காது. ஆகவே எங்காவது விட்டுக்கொடுத்தாலும் ஒரு சொட்டு வெளியேறியதுமே அழுத்தம் விழுந்துவிடும்; வெடிப்பு நேராது. இதே சோதனையைக் காற்றாலோ நீராவியாலோ செய்தால் வெடிகுண்டாகிவிடும். பிரிட்டனில் மாதிரி இன்ஜினியர் சங்கங்களின் பாய்லர் பரிசோதகர் பார்த்துச் சான்றிதழ் தந்தால்தான் பொதுத் தண்டவாளத்தில் ஓட்ட முடியும். நீராவிச் சோதனையில் நெருப்பை முழு வேகத்தில் வைத்து, பாதுகாப்பு வால்வு திறந்திருக்கும்போது அழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள்.

பாய்லருக்குள் தண்ணீர் செலுத்த ஒன்றுக்கு மேற்பட்ட வழி வேண்டும் என்பது கட்டாயம். அச்சால் இயங்கும் பம்பு, கைப்பம்பு, அதோடு இன்ஜெக்டர். பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி ஜிஃபார் 1858இல் காப்புரிமை பெற்ற இந்தக் கருவியில் அசையும் உறுப்பு ஏறக்குறைய இல்லை. கூம்பு வழியாகப் பீறிடும் நீராவி குளிர்ந்த தண்ணீரில் கலந்து தானும் தண்ணீராகி, தன் வேகத்தை அதற்குக் கொடுக்கிறது. அடுத்த கூம்பில் அந்த வேகம் அழுத்தமாக மாறி, எந்தப் பாய்லரிலிருந்து நீராவி வந்ததோ அதே பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளுகிறது. மாதிரியில் கூம்பின் கழுத்து ஒரு மி.மீ.க்கும் குறைவு. அந்தச் சாய்வுக்குச் சீவும் உளியைச் செய்பவரே கடைந்துகொள்ள வேண்டும். ஒரு தூசி போதும், கருவி மூச்சுவிடாது. சிறு இஞ்சினில் தொட்டி நெருப்புக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தண்ணீர் சீக்கிரம் சூடாகும். தண்ணீர் சூடானாலும் இது வேலைநிறுத்தம் செய்யும்.

எஞ்சியது தோற்றம். தண்ணீர்த் தொட்டி, ஓட்டுநர் அறை, புகைபோக்கி, கைப்பிடிகள். தொட்டிச் சுவர்களில் 0.8 மி.மீ. ரிவெட் நூற்றுக்கணக்கில் தேவைப்படும். சிலர் உண்மையான ரிவெட்டே அடிப்பார்கள். சிலர் உள்பக்கமிருந்து குத்தி மொட்டுப்போல் எழுப்பிவிடுவார்கள். அடுத்தடுத்து ஒரே நேர்க்கோட்டில் வராத ஒரு ரிவெட் இருபது அடி தொலைவிலிருந்து தெரியும் என்பதால் இதில் சோம்பல் கூடாது. இந்தத் தொழிலில் பயன்படும் சிறு மரைகள் 'பி.ஏ.' என்ற பிரிட்டிஷ் அளவு. 8 பி.ஏ. 2.2 மி.மீ., 10 பி.ஏ. 1.7, 12 பி.ஏ. 1.3. அங்குலத்தை விடாப்பிடியாகப் பிடித்திருந்த நாட்டில் இந்த ஒன்று மட்டும் மில்லிமீட்டரில் பிறந்தது. கடையில் கிடைக்கும் போல்ட்டின் அறுகோணத் தலை அளவுக்குப் பெரிதாகத் தெரியும் என்று, ஒரு எண் சிறிய தலையோடு தாமே கடைந்துகொள்ளும் பிடிவாதக்காரர்களும் உண்டு.

ஓட்டும் நாளில் புகைபோக்கியின் மேல் ஒரு சிறு மின்விசிறியை வைத்துக் காற்றை மேலே இழுத்தபடி, மண்ணெண்ணெயில் ஊறவைத்த மரக்கரியால் தீ மூட்டுகிறார்கள். அது பிடித்ததும் புகை குறைவாக வரும் நிலக்கரியைச் சிறு துண்டுகளாகப் போடுகிறார்கள். வேல்ஸ் நிலக்கரி இதற்குப் பேர்பெற்றது. அழுத்தம் சிறிது ஏறியதும் விசிறியை எடுத்துவிட்டு, இஞ்சினின் சொந்த நீராவியாலேயே காற்றை இழுக்கவைக்கிறார்கள். குளிர்ந்த சிலிண்டரில் தேங்கிய தண்ணீரை வடிகால் திறந்து வெளியேற்றாமல் கிளப்பினால், அமுங்காத அந்தத் தண்ணீர் சிலிண்டர் மூடியைப் பெயர்த்துவிடும். ஓடத் தொடங்கிய பிறகு ஓட்டுநருக்கு ஓய்வில்லை. பெரிய இஞ்சினில் தீயும் தண்ணீரும் மெதுவாக மாறும். இங்கே நெருப்பு ஒரு கைப்பிடி, தண்ணீர் ஒன்றிரண்டு லிட்டர். ஒரு நிமிடம் பராக்குப் பார்த்தால் இரண்டில் ஒன்று கைவிட்டுப் போயிருக்கும்.

இதன் திறனை அளக்கப் பிரிட்டனில் 1969 முதல் போட்டியே நடக்கிறது. எடைபோட்ட நிலக்கரியைக் கொடுத்து, குறித்த நேரம் ஓடவிட்டு, இழுத்த வேலையை அளவீட்டு வண்டியால் கணக்கிடுகிறார்கள். நல்ல மாதிரிகள் கரியின் வெப்பத்தில் ஒன்று முதல் மூன்று சதவீதம் வரை வேலையாக மாற்றுகின்றன. முழு அளவு இஞ்சின்கள் ஆறு முதல் எட்டு. வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் பழைய கணக்குதான். அளவு பதினாறில் ஒரு பங்கானால், உள்ளிருக்கும் ஒவ்வொரு சொட்டு நீராவிக்கும் சூட்டை இழக்கும் பரப்பு பதினாறு மடங்கு. வால்வை எவ்வளவு நேர்த்தியாக அமைத்தாலும், பாய்லரை எவ்வளவு கவனமாகப் போர்த்தினாலும் இதில் ஓரளவுக்குத்தான் மீட்க முடியும்.

ஓட்டம் முடிந்ததும் நெருப்பைக் கொட்டி, புகைக்குழாய்களைத் துலக்கி, பாய்லர் தண்ணீரைச் சூட்டோடு வடித்து, சிலிண்டருக்கு எண்ணெய் விட்டு வைக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாய்லர் மீண்டும் தண்ணீர்ச் சோதனைக்குப் போகும். இம்முறை வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு போதும்.